நிலைகொள்ளா உடலும் நித்திய கைங்கரியமும்

அர்ச்சாவதார எம்பெருமான் திவ்ய தேசங்களில் நின்றும் இருந்தும் கிடந்தும் ஸேவை ஸாதிக்கின்றான். திருவேங்கடத்தில் நின்ற திருக்கோலம். திருக்கடிகையில் யோக நரஸிம்மனாய் வீற்றிருந்த திருக்கோலம். திருவரங்கத்தில் அரவணைமேல் கிடந்த திருக்கோலம். நிற்பதும் கிடப்பதும் அவன் திருவுள்ளப்படியே. அடியவனுக்கோ அவ்வாறன்று. நிற்க வேண்டிய நேரத்தில் நிற்க ஒட்டாத உடல் ஒன்று அவனுக்கு வாய்த்திருக்கலாம். நாட்பட்ட தலைசுற்றலும் தள்ளாட்டமும் உடைய ஒருவன் கைங்கரியத்தைப் பற்றிநிற்பதா, விட்டு விலகுவதா என்பது மேலெழுந்தவாரியாக நோக்கினால் சிறு கேள்வி. ஆராயப் புகின் அது சேஷத்துவம் என்பதன் பொருளையே தொடும்.

மனிதன் நேராக நிற்பது அத்துணை எளிய செயலன்று. கண் காண்பதும், பாதமும் மூட்டுகளும் உணர்த்துவதும், உட்செவி அறிவிப்பதும் ஆகிய மூன்று சாட்சிகளும் மூளையில் ஒத்துப்போனால்தான் உடல் நிலைகொள்ளும். ஒவ்வொரு செவியினுள்ளும் நீர்மம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்புவதை அவை தெரிவிக்கின்றன. அவற்றை அடுத்த இரு சிறு பைகளில் நுண்ணிய சுண்ணத் துகள்கள் படிந்து தலையின் சாய்வை உணர்த்துகின்றன. அத்துகள்கள் இடம்பெயர்ந்து குழலுக்குள் புகுந்துவிட்டால், படுக்கையில் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் உலகமே சுழல்வது போலாகும். கோபுர தரிசனத்துக்குத் தலை நிமிர்த்திய கணத்தில் அருகிலிருப்பவர் தோளைப் பற்றிக்கொள்ளும் யாத்திரிகர் சிலருக்கு நேர்வது இதுவாகவே இருக்கலாம். தேர்ந்த மருத்துவர் தலையை முறைப்படி திருப்பி அத்துகள்களை வெளியேற்ற, பலருக்கு இது விரைவில் தணிகிறது. மீண்டும் வருவதும் உண்டு. வேறு சிலருக்குக் காது இரைச்சலும் செவிமந்தமும் சேர்ந்து, மணிக்கணக்கில் சுழற்சி நீடிக்கும். இத்தகைய சுழற்சிக்குக் காரணம் மூளையன்று, உட்செவியே என்று பிரெஞ்சு மருத்துவர் மெனியேர் எடுத்துரைத்தது 1861இல். அதன் பின்னரும் இதனைப் ‘பித்தம்’ என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடும் வழக்கம் நம் வீடுகளில் மறையவில்லை. பித்தம் பாவம், எத்தனை பழிகளைத்தான் சுமக்கும்!

இந்நோயின் கொடுமை சுழற்சியில் பாதி. அது பிறர் கண்ணுக்குப் புலப்படாமையில் மீதி. காய்ச்சலுக்குச் சூடு உண்டு, முறிந்த காலுக்குக் கட்டு உண்டு. தள்ளாடுகிறவனுக்கோ முகத்தில் ஒரு குறியும் இல்லை. நேற்று நன்றாக நடந்தவன் இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு செல்வதைக் காண்பவர், சோம்பல் என்பர், மனப்பிரமை என்பர், வாய்க்கு வந்தபடி மதுவின் பெயரையும் சேர்ப்பர். ஆதலின் நோயாளி மறைக்கத் தொடங்குகிறான். அறநெறிச் சிக்கல் பிறப்பது இங்கேதான்.

ஸ்ரீபாதம் தாங்கும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். தந்தையும் பாட்டனாரும் தாங்கிய தண்டு. அவர் தோளில் ஏறியும் ஆண்டுகள் பல. தோளுக்கினியானில் பெருமாள் எழுந்தருளும்போது தாங்குவார் அனைவரும் ஒரே அடியாக வைக்க வேண்டும். ஒருவர் கால் பிசகினால் மற்றவர் தோளும் பிசகும். அவருக்குத் தலைசுற்றல் வந்துவிட்டது. ஆனால் நாள்தோறும் வருவதில்லை. பத்து நாள் நலம், ஒரு நாள் சுழற்சி. முற்றும் இயலாதவனுக்கு முடிவு எளிது. இயலும் இயலாது என்று உறுதி கூற முடியாதவனுக்கே முடிவு அரிது. “இன்று ஒன்றும் நேராது” என்று துணிந்து தண்டின் கீழ்ச் செல்வது பக்தியா? பெருமாளையும் உடன் தாங்குவாரையும் ஆபத்தில் நிறுத்துவதால் அதனைப் பக்தி என்று கூறுதல் கடினம். தோளை விட்டுக்கொடுத்தால் கைங்கரியமே போயிற்று என்று அவர் நெஞ்சு பதறுவதையும் எளிதாகத் தள்ளிவிட இயலாது.

இவ்விடத்தில் பூர்வாசாரியர்கள் இளையபெருமாளையும் பரதாழ்வானையும் அருகருகே வைத்துக் காட்டிய வழி துணைசெய்கிறது. இளையபெருமாள் காட்டில் உடனிருந்து எல்லா அடிமையும் செய்தான். பரதாழ்வானும் அதனையே விரும்பிச் சித்திரகூடம் வரை சென்றான். பெருமாள் திருவுள்ளம் வேறாயிருந்தது. திருவடிநிலைகளைத் தலைமேல் கொண்டு திரும்பி, நந்திக்கிராமத்தில் பதினான்கு ஆண்டுகள் காத்திருந்தான். முன்னவனிடம் சேஷத்துவமும் பின்னவனிடம் பாரதந்திரியமும் விளங்குவதாகப் பெரியோர் பணிப்பர். செய்யும் தொண்டு ஸ்வாமியின் உகப்புக்காகவன்றித் தன் உகப்புக்காக என்றால், தண்டின் கீழேயும் அகங்காரம் வந்து நுழைந்துவிடும். தோளை விட்டுக்கொடுத்தவர் கைங்கரியத்தை விட்டவராகார். அவர் இளையபெருமாளின் வழியிலிருந்து பரதாழ்வானின் வழிக்கு மாறியவரே.

இதனைக் கேட்டு எல்லாவற்றையும் துறந்து கட்டிலில் கிடக்கத் துணிவதும் பிழையே. உட்செவியின் ஒருபுறம் பழுதுபட்டால், எஞ்சிய சாட்சிகளைக் கொண்டு நிற்க மூளை மெல்ல மெல்லக் கற்றுக்கொள்கிறது. அதற்கு அசைவு வேண்டும். 1940களில் இங்கிலாந்தில் காதோர்ன், குக்ஸி என்ற இருவர் இத்தகைய நோயாளிகளுக்குத் தலையையும் கண்ணையும் உடலையும் படிப்படியாக அசைக்கும் பயிற்சிகளை வகுத்தனர். அசைந்தால் சுற்றுமே என்று அஞ்சி அசையாதிருப்பவனுக்குச் சுற்றல் நெடுநாள் நீடிக்கிறது. ஆகவே உயரத்தில் ஏறி மாலை சாத்துவதையும், மடைப்பள்ளியில் கொதிக்கும் உருளியைத் தூக்குவதையும், தண்டு தாங்குவதையும் விட்டவர், பூத்தொடுத்தலையும், பிரபந்த கோஷ்டியையும், ஒருவர் துணையோடு மெல்ல வலம் வருதலையும் விடவேண்டியதில்லை. எது தக்கது என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். மறைக்காமல் கேட்டறிய வேண்டும்.

சுழற்சியின் நடுவில் திருநாமமும் நினைவுக்கு வரவில்லையே என்று கலங்குவாரும் உளர். தாதுக்கள் சமநிலையில் இருக்கும்போது தன்னை நினைத்தவனை, அவன் கட்டைபோலும் கல்போலும் கிடக்கும் இறுதிக் காலத்தில் தான் நினைப்பதாக வராக நாயனார் பூமிப் பிராட்டிக்கு அருளிய வார்த்தையை அவர்கள் மறந்தனர் போலும். பெரியாழ்வாரும் பின்வரும் தளர்ச்சியை எண்ணி, அன்றைக்கு வேண்டிய விண்ணப்பத்தை முன்னமே திருவரங்கன் திருமுன்பு செய்து வைத்தார். உடல் ஒத்துழைக்கும் நாளில் சொன்னது ஒத்துழையாத நாளுக்கும் செல்லும்.

எஞ்சுவது உடன் இருப்பார் கடன். திருவிழாக் கூட்டத்தில் இருண்ட அர்த்தமண்டபத்தில் கண் என்ற சாட்சி மங்குகிறது. திருமஞ்சன நீரில் வழுக்கும் கல்தளத்தில் பாதம் என்ற சாட்சி தடுமாறுகிறது. செவியும் பழுதானவருக்கு அங்கே மூன்றும் இல்லை. ஒரு விளக்கு, ஒரு கைப்பிடி, பின்னின்று தள்ளாத ஒரு வரிசை, இவை பெருஞ்செலவினவல்ல. சாற்றுமுறையில் எல்லோரும் எழுந்து நிற்க, ஒருவர் மட்டும் தூணைப் பற்றியபடி அமர்ந்தே இருக்கலாம். தீர்த்தமும் ஸ்ரீசடகோபமும் அவர் இருக்கும் இடத்துக்கே வரட்டும். அர்ச்சகர் நாலடி கூடுதலாக நடக்க வேண்டியிருக்கும், அவ்வளவே.