மூளையும் சமயானுபவமும்

சமயானுபவ மென்பது மூளையில் நிகழும் ஒரு விகாரமேயன்றிப் பிறிதில்லை யென்று கூறுவார் இக்காலத்துப் பலர். அம்மூளைச் சோதனைகளையே எடுத்துக்காட்டி, கடவுளுண்மையை விஞ்ஞானம் நாட்டிவிட்டதென்று மகிழ்வாரும் உளர். உயர்வகுப்பு மாணாக்கர் இவ்விரு கூற்றையுங் கேட்டுவந்து ஆசிரியரை வினாவுகின்றனர். அவர்க்கு யாது விடை கூறுதல் முறையென்பது ஈண்டு ஆராயப்படும்.

இவ்விஷயத்தை ஆராய்ந்த உளநூலாருள் முன்வைத் தெண்ணப்படுபவர், அமெரிக்க தேசத்து ஹார்வார்ட் சர்வகலாசாலைப் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ். அவர் வைத்தியம் பயின்று, உடற்றொழில் நூலைப் போதித்து, அதன்பின் உளநூலிற் புகுந்தவராதலின், மூளையின் தொழிலைப் புறக்கணித்தாரல்லர். எனினும், 1901, 1902ஆம் ஆண்டுகளில் எடின்பரோ நகரில் நிகழ்த்திய விரிவுரைகளில், பெரியோர் கண்ட காட்சிகளை நரம்பு நோயென்று கூறி ஒதுக்குவாரை அவர் கண்டித்தார். அக்கொள்கைக்கு அவரிட்ட பெயர் வைத்திய உலகாயதம் என்பது. பக்தனது எண்ணத்துக்கு மூளை கருவியாதல் போலவே, அவனை மறுப்பானது எண்ணத்துக்கும் மூளையே கருவியாகும். ஆகவே, ஓரெண்ணம் பிறந்த இடத்தைக் காட்டுதலால் அதன் மெய்ம்மையேனும் பொய்ம்மையேனும் துணியப்படாதென்பது அவர் கருத்து.

அவர்க்குப் பின்வந்தோர் யந்திரங்களின் துணைகொண்டு ஆராயத் தலைப்பட்டனர். கனடா தேசத்து லாரன்சியன் சர்வகலாசாலை உளநூற் பேராசிரியர் மைக்கேல் பெர்சிங்கர், தலைக்கவசமொன்றின் வாயிலாக மெல்லிய காந்தவலியை மூளையின் பக்கப் பகுதிகளிற் செலுத்தினார். அதனை அணிந்தோர் பலர், கட்புலனாகாத ஒருவர் தம் அருகில் நிற்பதுபோலும் உணர்ச்சி எய்தியதாகக் கூறினர். 2005ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்து ஆராய்ச்சியாளர், அணிவோரும் சோதிப்போரும் காந்தவலி செலுத்தப்படுவது எப்பொழுதென அறியாவண்ணம், 89 பேரிடத்து அச்சோதனையைச் செய்து வெளியிட்டனர். காந்தத்தால் யாதொரு பயனுங் காணப்பட்டிலது. பிறர் குறிப்பிற்கு எளிதில் வயப்படும் இயல்பினரே அவ்வுணர்ச்சியை மிகுதியும் எய்தினர். பெர்சிங்கர் இம்முடிபை உடன்பட்டிலர்.

இது சமயத்தார்க்கு வெற்றியென்று கொள்ளற்க. யாதொரு காரணமுமின்றியே, எதிர்பார்க்கும் மனம் தான் எதிர்பார்த்ததைக் காணுமென்பதும் இதனாற் பெறப்படுதலின், இஃது இருதிறத்தார்க்கும் எச்சரிக்கையே யாமென்க.

2006ஆம் ஆண்டில் மொன்றியல் நகரத்து ஆராய்ச்சியாளரிருவர், கார்மேல் சபையைச் சேர்ந்த 15 கன்னியாஸ்திரிகளின் மூளையிற் செல்லும் இரத்தத்தின் வேறுபாட்டை யந்திரத்தால் அளந்து வெளியிட்டனர். இறையனுபவம் தாம் வேண்டியபொழுது வருவதொன்றன்றென்று அக்கன்னியர் கூறினமையால், முன்னெய்திய அனுபவத்தை நினைவுகூரும்படி அவர் கேட்கப்பட்டனர். அந்நினைவின்கண் மூளையின் பல பகுதிகள் ஒருங்கே தொழிற்பட்டன. அனுபவத்துக்கென்று தனியிடம் ஒன்று புலப்பட்டிலது. தம்மால் இயலாததனை இயலுமென்று கூறாத அம்மகளிரின் வாய்மை பெரிதும் பாராட்டத்தக்கது.

இவற்றாற் பெறப்படுவது யாதெனின், விளக்கைக் காணுங்கால் மூளையின் பின்புறத்து ஒரு பகுதி தொழிற்படுகின்றது. அதுபற்றி விளக்கு இல்பொருளென்பார் எவருமிலர். கனவில் விளக்கைக் காண்பானுக்கும் மூளை தொழிற்படுகின்றது. அதுபற்றி அவ்விளக்கு உள்பொருளாதலுமில்லை. எனவே, யந்திரம் காட்டுவது காண்பானிடத்து நிகழ்வதையேயன்றிக் காணப்படும் பொருளையன்று.

அங்ஙனமாயின் அனுபவத்தை அளக்குங் கோல் யாது? அகத்தே தோன்றும் தெளிவு, அறிவோடு பொருந்துதல், ஒழுக்கத்துக்குத் துணையாதல் என்னும் மூன்றனையும் ஜேம்ஸ் எடுத்துரைத்தார். இவற்றுள் முதலாவது அனுபவித்தானுக்கே புலனாவது. ஏனைய இரண்டும் பிறராலும் ஆராயத்தக்கன. தியானத்தினின்று எழுந்தவன் முன்னையினும் பொறுமையும் இரக்கமும் உடையனாயினானோ என்பதை அவனோடு வாழ்வோர் அறிவர்.

ஆசிரியர்காள்! ஐயம் வினாவிய மாணாக்கனை நாஸ்திகனென்று கடிந்து வாய்மூடச் செய்தல் தகாது. யந்திரம் கடவுளைக் கண்டுவிட்டதென்று கூறி அவனை மகிழ்வித்தலும் தகாது. ஒரு சோதனையின்மேற் கட்டிய நம்பிக்கை, மற்றொரு சோதனையால் இடியும். அதனுடன் ஆசிரியன்மேல் வைத்த மதிப்பும் இடியும். துணிந்ததைத் துணிந்ததென்றும், துணியாததைத் துணியாததென்றும் பிரித்துரைப்பதே நேர்மை. அந்நேர்மையை நாடோறும் வகுப்பிற் காணும் மாணாக்கன், கேள்விக்கு அஞ்சாத சிந்தையுடையனாய் வளர்வான்.