ஐந்து மைலுக்குள் ஒரு வீடு

1940களில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்த லாரி பேக்கர் என்ற இளம் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் காந்தியைச் சந்திக்கிறார். ஒரு வீட்டை, அது நிற்கும் இடத்துக்கு ஐந்து மைல் சுற்றுவட்டாரத்தில் கிடைப்பதை வைத்தே கட்ட வேண்டும் என்ற காந்தியின் எண்ணம் பேக்கரை வாழ்நாள் முழுக்க விடவில்லை. திருவனந்தபுரம் நாலாஞ்சிறாவில் அவர் தன் குடும்பத்துக்குக் கட்டிய 'தி ஹேம்லெட்' வீட்டைப் பார்த்தால் தெரியும். பாறைச் சரிவு, எங்கோ கழித்துப்போட்ட கதவு ஜன்னல்கள், சுவரில் பதித்த வண்ணப் பாட்டில்கள், உடைந்த ஓட்டுச் சில்லுகள். ஒரே மூச்சில் கட்டியதும் இல்லை, வருஷக்கணக்கில் வளர்ந்தது. நம்மூர் ஆள் 'மனுசன் கொஞ்சம் கிறுக்குதான்' என்பான். அப்புறம் போட்டோ எடுத்துக்கொள்வான்.

சரி, ஒரகடத்தை நடுவில் வைத்து ஐந்து மைலுக்கு ஒரு வட்டம் போடுவோம். என்ன கிடைக்கும்? ஏரி மண் இருக்கிறது, இஷ்டத்துக்கு அள்ள முடியாது. தாராளமாகக் கிடைப்பது பேக்கிங் கட்டைதான். கார், லாரி ஆலைகளுக்கு உதிரிபாகம் சுமந்துவந்த பேலட்டுகள் காயலான் கடைகளில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. வெளிநாட்டுக் கட்டையில் ஒரு கதிர் சின்னமும் நாட்டின் இரண்டெழுத்துக் குறியும் இருக்கும். பக்கத்தில் 'எச்.டி.' என்றிருந்தால் சூடாக்கிப் பூச்சி கொன்றது. 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு, விஷவாயு.

வாலாஜாபாத் சாலையிலிருந்து சற்று உள்ளே ஒரு அக்கா மெஸ் நடத்துகிறார். பின்பக்கம்தான் குடியிருப்பு. சுவரெல்லாம் இந்தக் கட்டை, கூரைக்குப் பழைய ஃப்ளெக்ஸ். மரம் எந்த நாட்டில் வளர்ந்ததோ, கிடைத்தது ஐந்து மைலுக்குள். அழகா இருக்குக்கா என்றேன்.

"நீங்க வேற தம்பி. காசிருந்தா செங்கல்லு வெச்சிருக்க மாட்டனா?"

கட்டைகளை ஆணியடிக்காமல் கட்டுக்கம்பியால் முறுக்கியிருந்தார். ஆணியடிச்சா பிரிக்கிறப்போ கட்டை வீணாப்போயிடுமாம். இடம் புறம்போக்கு.

எனக்குச் சிக்கல் இங்கேதான். பேக்கரைப் போலி என்று சொல்ல வரவில்லை, ஏழைகளுக்காக அவர் கட்டிய வீடுகள் ஏராளம். ஆனால் ஹேம்லெட்டைப் பார்த்து நாம் வியப்பது சிக்கனத்தையா, இல்லை செங்கல் வாங்க முடிந்தும் வாங்காமல் விடுகிற சுதந்திரத்தையா? இரண்டாவதைத்தான் என்று நினைக்கிறேன். பாட்டிலைச் சுவரில் பதிப்பவர் அதைத் திரும்ப எடுக்கப்போவதில்லை. கிறுக்குத்தனமாகக் கட்டுவதற்கு, நாளைக்கும் இந்தச் சுவர் இங்கேயே இருக்கும் என்ற தைரியம் வேண்டும். அக்காவின் கட்டுக்கம்பிக்கு அது இல்லை.

நேக் சந்த் இந்த வாதத்தை இடிக்கிறார். சண்டிகரில் சாலை ஆய்வாளர். நகரம் எழுப்புவதற்காக இடித்த கிராமங்களின் ஓட்டையும் பீங்கானையும் பொறுக்கி, 1950களின் கடைசியிலிருந்து அரசுக் காட்டு நிலத்தில் ரகசியமாக ஒரு சிலை உலகத்தையே கட்டினார். பட்டாவும் இல்லை, அனுமதியும் இல்லை. 1970களில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது சட்டப்படி இடித்திருக்கலாம். இடிக்காமல், 1976இல் ராக் கார்டன் என்று திறந்துவைத்து, அவருக்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

ஆனால் அவ்வளவு வருஷமும் அது யார் கண்ணிலும் படவில்லை. அவர் கட்டியது சிலைகளை, இரவில் போய்ப் படுக்க வேறு வீடு இருந்தது. குடியிருக்கும் வீட்டை அப்படி ஒளிக்க முடியாது, அடுப்புப் புகையே காட்டிக்கொடுத்துவிடும். மெஸ் என்றால் போர்டு வேறு மாட்டியாக வேண்டும். அக்காவின் போர்டு மெயின் ரோட்டிலிருந்தே தெரிகிறது.