மறுக்கப்பட்ட மளிகைக் கடையும் நீதியின் அளவுகோலும்

வருமானம் குறைந்தோர் வாழும் ஒரு பகுதிக்குப் புதிய மளிகைக் கடை வருவதாக அறிவிக்கப்படும்போது அப்பகுதியோடு தொடர்புடையவர்களே அதை எதிர்ப்பார்களானால், அந்த எதிர்ப்பை அறியாமை என்றோ வீண் பிடிவாதம் என்றோ ஒதுக்கிவிடுவது எளிது. அவ்வாறு ஒதுக்குவோர், பயன் தரும் செயல் எதுவும் அப்பயனாலேயே நீதியான செயலாகிவிடுகிறது என்ற கருத்தை ஆராயாமலே ஏற்றுக்கொண்டவர்கள். பயனுக்கும் நீதிக்கும் உள்ள உறவு என்ன என்பது அறவியலின், அதாவது மனிதச் செயல்களின் நன்மை தீமைகளை ஆராயும் மெய்யியல் துறையின், மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லாந்து நகரில் 2013ஆம் ஆண்டின் இறுதியில் எழுந்த ஒரு சர்ச்சை, நூல்களில் பேசப்பட்டுவந்த இக்கேள்வியை ஒரு தெருமுனையில் கொண்டுவந்து நிறுத்தியது.

அந்நகரின் வடகிழக்குப் பகுதியில், மார்ட்டின் லூதர் கிங் பெருஞ்சாலையும் ஆல்பர்ட்டா தெருவும் சந்திக்கும் இடத்தில், ஏறத்தாழ இரண்டு ஏக்கர் பரப்புள்ள பொதுநிலம் நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்தது. நகரின் மறுசீரமைப்பைக் கவனித்துவந்த போர்ட்லாந்து வளர்ச்சி ஆணையம், 29 லட்சம் டாலர் வரை பெறுமானம் மதிப்பிடப்பட்டிருந்த அந்நிலத்தை, ஏறத்தாழ ஐந்து லட்சம் டாலருக்கு மெஜஸ்டிக் ரியால்டி என்ற கட்டுமான முதலீட்டு நிறுவனத்துக்கு விற்க முன்வந்தது. அங்கு எழவிருந்த வணிக வளாகத்தின் முதன்மைக் கடையாக ட்ரேடர் ஜோஸ் என்ற மளிகை நிறுவனம் வருவதாகவும் அறிவிக்கப்பட்டது. போர்ட்லாந்து ஆப்பிரிக்க அமெரிக்கத் தலைமை மன்றம் இதை எதிர்த்து எழுதிய கடிதத்தில், இத்திட்டம் அப்பகுதியின் கறுப்பின மக்கள் வெளியேற்றப்படுவதை விரைவுபடுத்தும் என்றும், பொதுச் சொத்தின் மீது அளிக்கப்படும் சலுகை அவர்களுக்குக் கட்டுப்படியாகும் வீடுகளுக்கே முதலில் போய்ச் சேர வேண்டும் என்றும் வாதிட்டது. 2014 பிப்ரவரியில் ட்ரேடர் ஜோஸ் தன் திட்டத்தைக் கைவிட்டது.

இந்த எதிர்ப்பின் பொருளை அப்பகுதியின் வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. 1859இல் ஒன்றியத்தில் இணைந்த ஓரிகனின் அரசமைப்புச் சட்டம், கறுப்பினத்தவர் அம்மாநிலத்தில் வந்து குடியேறுவதையே தடைசெய்திருந்தது. அந்தப் பிரிவு 1926இல்தான் நீக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கப்பல் கட்டும் தளங்களுக்கு வேலை தேடி வந்த கறுப்பினத் தொழிலாளர்கள் பலர் வான்போர்ட் என்ற தற்காலிகக் குடியிருப்பு நகரில் தங்கவைக்கப்பட்டனர். 1948 மே 30 அன்று கொலம்பியா ஆற்றின் வெள்ளம் அந்நகரை முற்றாக அழித்தபோது, வேறிடங்களில் வீடு மறுக்கப்பட்ட அவர்களுக்குத் திறந்திருந்த இடம் ஆல்பைனா எனப்படும் வடகிழக்குப் பகுதி ஒன்றே. அங்கேயும் அவர்கள் நிலைகொள்ள விடப்படவில்லை: 1960இல் திறக்கப்பட்ட மெமோரியல் கொலிசியம் என்ற விளையாட்டரங்குக்காகவும், அதைத் தொடர்ந்து வந்த நெடுஞ்சாலைக்காகவும், பின்னர் இமானுவேல் மருத்துவமனையின் விரிவாக்கத்துக்காகவும் வீடுகள் வரிசை வரிசையாக இடிக்கப்பட்டன. மருத்துவமனைத் திட்டத்துக்கான கூட்டரசு நிதி இடையில் நின்றுபோனதால், இடிக்கப்பட்ட வீடுகளின் நிலம் பல ஆண்டுகள் வெற்றிடமாகவே கிடந்தது. விளையாட்டரங்கு, சாலை, மருத்துவமனை ஆகிய ஒவ்வொன்றும் பொதுநன்மையின் பெயரால் வந்தவை. அவற்றின் விலையைத் தம் வீடுகளால் செலுத்தியவர்கள், அதே பெயரால் அடுத்து வரும் திட்டத்தை ஐயத்தோடு பார்த்ததற்கு அவர்களுடைய அனுபவமே போதிய காரணம்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு முன்வைப்பது நேர்மையாகும். செயல்களை அவற்றால் விளையும் மொத்த நன்மையைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்னும் பயன்வழிக் கோட்பாட்டின்படி, தரமான உணவுப் பொருள்களைக் கட்டுப்படியான விலையில் விற்கும் கடை, வெற்று நிலத்தைவிட மேலானது என்பதில் ஐயமில்லை. கடையால் வேலை கிடைக்கும், தெருவில் நடமாட்டம் பெருகும், முதியோர் நெடுந்தொலைவு சென்று காய்கறி வாங்கும் துன்பம் குறையும். அப்பகுதியில் வாழ்ந்த பலர், கறுப்பினத்தவர் சிலர் உட்பட, அக்கடையை உண்மையாகவே விரும்பினர். திட்டம் கைவிடப்பட்டபோது அவர்கள் அடைந்த ஏமாற்றமும் உண்மையானது. உணவு என்பது கொள்கை விவாதத்துக்காகத் தள்ளிவைக்கத்தக்க பொருளன்று என்று அவர்கள் கூறியதை எளிதில் மறுத்துவிட முடியாது.

ஆயினும் இவ்வாதம் நிலத்துக்கு வரும் நன்மையையும் நிலத்தில் வாழ்வோருக்கு வரும் நன்மையையும் ஒன்றாகக் கருதிவிடுகிறது. வசதி படைத்தோர் குடியேறுவதால் ஏழைப் பகுதியொன்றின் நில மதிப்பும் வாடகையும் உயர்ந்து, பழைய குடிகள் படிப்படியாக வெளியேற நேரும் போக்கை நகரவியலாளர் ஜென்ட்ரிஃபிகேஷன் என்பர். இப்போக்கில் புதிய கடை, புதிய பூங்கா, சீரான நடைபாதை ஆகியவை சொந்த வீடுடையவருக்கு வரவாகவும் வாடகைக்கு இருப்பவருக்குச் செலவாகவும் அமைகின்றன. கடையின் திறப்பு விழாவைக் காணும் குடும்பம், வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் நாளில் அக்கடைக்குப் பக்கத்தில் வாழ இயலாமற் போகலாம். போர்ட்லாந்தில் இது வெறும் அச்சமாக இருக்கவில்லை. 2000க்கும் 2010க்கும் இடைப்பட்ட காலத்தில் பெருந்தொகையான கறுப்பினக் குடும்பங்கள் நகரின் உட்பகுதிகளைவிட்டு விளிம்புகளுக்குச் சென்றுவிட்டிருந்தன. அவர்களுள் பலர், வாழ்ந்த தெருக்களில் வாழ இடமின்றி, ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு மட்டும் தம் பழைய தேவாலயங்களுக்குத் தொலைவிலிருந்து வந்து சென்றனர்.

வாடகை உயராது என்று உறுதியளிக்கப்பட்டிருந்தாலும் சிக்கல் முற்றாகத் தீர்ந்திருக்காது என்பதை அமெரிக்க அரசியல் மெய்யியலாளர் ஐரிஸ் மரியன் யங் 1990இல் வெளியிட்ட ‘நீதியும் வேறுபாட்டின் அரசியலும்’ என்ற நூலின் துணைகொண்டு விளக்கலாம். நீதியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பங்கீட்டு நீதியோடு, அதாவது செல்வமும் வசதிகளும் யாருக்கு எவ்வளவு சென்று சேர்கின்றன என்ற கணக்கோடு, நின்றுவிடுகிறது என்பது அவருடைய குறை. பங்கிடும் முடிவை எடுப்பவர் யார், அம்முடிவால் வாழ்க்கை மாறப்போகிறவர்களுக்கு அதில் என்ன இடம் என்ற கேள்விகளையும் நீதிக்குள் அடக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். பொருளியலறிஞர் அமர்த்திய சென், மனிதரின் நலவாழ்வையும் தம் வாழ்வின் இலக்குகளைத் தாமே வகுத்துச் செயல்படும் ஆற்றலையும் பிரித்துக் காட்டியதும் இங்கே பொருந்தும்: நலவாழ்வைப் பெருக்கும் ஒரு திட்டம் அந்த ஆற்றலைப் புறக்கணிக்குமானால், அது மக்களைப் பெறுவோராக மட்டும் கருதி, முடிவெடுப்போராகக் கருத மறுக்கிறது.

கறுப்பினத் தேவாலயங்கள் தலைமுறைகளாகப் போற்றிவரும் எபிரேய வேதத்தில் இக்கேள்விக்கு மிக நெருங்கிய கதையொன்று உண்டு. அரசர்களின் முதலாம் நூலில், அரண்மனைக்கு அருகிலிருந்த நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் காய்கறித் தோட்டமாக்க விரும்பும் ஆகாப் அரசன், அதற்கு ஈடாக அதைவிட நல்ல தோட்டமோ உரிய விலையோ தருவதாகக் கூறுகிறான். பங்கீட்டின் கணக்கில் பார்த்தால் இதில் நாபோத்துக்கு இழப்பில்லை. ஆனால் அந்த நிலம் அவன் முன்னோரிடமிருந்து வந்த உரிமைச் சொத்து. நிலம் இறுதியில் இறைவனுக்கே உரியது, குடும்பத்தின் பங்கை நிலையாக விற்றுவிடலாகாது என்ற லேவியர் நூலின் சட்டம் அதற்குப் பின்னால் நிற்கிறது. அவன் மறுக்கிறான், அந்த மறுப்பை ஏற்க மனமில்லாத அரண்மனை, பொய்ச் சாட்சிகளைக் கொண்டு அவனைக் கொல்விக்கிறது, தீர்க்கதரிசி எலியா அரசனைக் கண்டிக்கிறார். நல்ல விலை பேசப்பட்டதால் அரசனின் குற்றம் குறைந்துவிட்டதாக அக்கதை எங்கும் கருதவில்லை. ஏசாயா நூலின் பிற்பகுதியில் வரும் புதிய எருசலேமின் காட்சியிலும், ஒருவர் கட்டிய வீட்டில் வேறொருவர் குடியேறுவதும், ஒருவர் நட்டதன் கனியை வேறொருவர் உண்பதும் இல்லாதிருப்பதே நற்காலத்தின் அடையாளமாகக் கூறப்படுகிறது. நகரின் செழிப்பை அளக்க இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடைப்பது அரிது.

இந்த ஒப்புமைக்கும் ஓர் எல்லை உண்டு. நாபோத் தன் சொந்த நிலத்தைப் பற்றிப் பேசினான். போர்ட்லாந்து நிலமோ பொதுச் சொத்து. அவன் தனி மனிதன். ஒரு சமூகமோ பல குரல்கள் உடையது. கடையை விரும்பிய குடும்பத்தின் சார்பில் அதை மறுக்க ஓர் அமைப்புக்கு என்ன அதிகாரம் என்ற கேள்வி நியாயமானதே. அதற்கு இரண்டு விடைகள் கூறலாம். முதலாவதாக, நிலம் பொதுச் சொத்தாக இருப்பதாலேயே அதன் சலுகை விலைக்கான காரணத்தைக் கேட்கும் உரிமை குடிமக்கள் அனைவருக்கும் உண்டு. இரண்டாவதாக, விற்பனை முடிவை எடுப்பதற்கு முன்பே எல்லாக் குரல்களையும் கேட்டு, அவற்றுக்கிடையிலான வேறுபாட்டைத் தீர்க்கும் கடமை ஆணையத்துக்கு இருந்தது. அக்கடமை நிறைவேறாத நிலையில், எஞ்சியிருந்த ஒரே வழி எதிர்ப்பு. மறுக்கும் உரிமை எப்போதும் கடைசி வார்த்தையாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் மறுக்கவே இயலாதவரின் சம்மதத்துக்குச் சம்மதம் என்ற பெயர் பொருந்தாது.

பின்னர் நிகழ்ந்தவை இந்த எதிர்ப்பு வெறும் தடையாக முடியவில்லை என்பதைக் காட்டுகின்றன. 2014இல் மேயர் சார்லி ஹேல்ஸ், வட, வடகிழக்குப் பகுதிகளில் கட்டுப்படியாகும் வீடுகளுக்காகக் கூடுதலாக இரண்டு கோடி டாலர் ஒதுக்கப்படும் என்று அறிவித்தார். அதிலிருந்து உருவான வீட்டுவசதித் திட்டத்தில், நகரத்தின் முந்தைய நடவடிக்கைகளால் வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் புதிய வீடுகளில் முன்னுரிமை அளிக்கும் விதி இடம்பெற்றது. அந்தத் தெருமுனையிலும் ஒரு கடை வரவே செய்தது: திருத்தப்பட்ட திட்டத்தின்படி நேச்சுரல் கிராசர்ஸ் என்ற மளிகை நிறுவனம் அங்கு இடம்பெற்றது, கட்டுமானப் பணியைக் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான ஒரு நிறுவனம் மேற்கொண்டது. இவை அறுபது ஆண்டு இழப்பை ஈடுசெய்துவிட்டன என்று எவரும் கூற இயலாது. வெளியேறிய குடும்பங்களுள் திரும்ப விரும்பாதவை உண்டு, திரும்ப விரும்பியும் வீடு கிடைக்காதவையும் உண்டு. எனினும் பழைய தவற்றை ஒரு நகர நிர்வாகம் தன் விதிகளுக்குள்ளேயே ஒப்புக்கொண்டது, கேள்வி எழுப்பப்பட்டதன் விளைவாகும்.

ஆகவே, ஏழைப் பகுதியொன்றில் நல்ல திட்டம் எதிர்க்கப்படும்போது, எதிர்ப்போரின் அறிவை ஐயுறுவதற்கு முன், அத்திட்டத்தின் பயன் வந்துசேரும் நாளில் இன்று அங்கு வாழ்வோர் அங்கேயே இருப்பார்களா என்பதையும், அதை முடிவுசெய்தபோது அவர்கள் கேட்கப்பட்டார்களா என்பதையும் ஆராய்வது அறத்தின் கடமை. இவ்விரண்டுக்கும் ஆம் என்று விடை கூற இயலாத திட்டம், எத்தனை பயனுடையதாக இருப்பினும், நீதியானது என்று உரிமை கோர முடியாது.