ஒன்றரை லீற்றர் தண்ணி

 

ஆடி கிட்ட வந்தாலே எனக்கு வாட்ஸ்அப்பில ஒரே கேள்விதான் வரும். "அண்ணா, கதிர்காமப் பாத யாத்திரைக்கு என்னென்ன கொண்டு போகணும்?" பதில் கடைசியில சொல்றன். அதுக்கு முதல் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லணும்.

யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில இருந்து வேல் தூக்கிக்கொண்டு கரையோரமா ஒரு மாசத்துக்கு மேல நடந்து வாற அடியார்கள் இருக்காங்க. அவங்க நடை வேற. எனக்கு ஆபிஸ்ல கிடைச்ச லீவுக்கு உகந்தையில இருந்து காட்டுப் பாதை மட்டும்தான். அந்தப் பாதையும் திருவிழாவை ஒட்டிக் கொஞ்ச நாளுக்குத்தான் திறப்பாங்க. உகந்தை மலை முருகனைக் கும்பிட்டு, கேற்றில பெயர் பதிஞ்சு உள்ள போனா குமண தேசிய பூங்கா. குமுக்கன் ஆற்றைக் கடந்தா யால. நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் எண்டு தங்கித் தங்கிக் கதிர்காமம் போய்ச் சேரணும். யானை, கரடி, சிறுத்தை எல்லாம் இருக்கிற காடு. ஆனா நடக்கிறவனைக் கொல்லுறது வெயிலும் தாகமும்தான்.

நான் எஞ்சினியர். விடுவனா? எக்செல் ஷீற் போட்டன். பை ஏழு கிலோவுக்கு மேல போகக்கூடாது. ஒரு லீற்றர் தண்ணி ஒரு கிலோ. ஒரு நாளைக்கு நாலு லீற்றர், அதில ஒன்றரை லீற்றர் அவசரத்துக்கு, அதைத் தொடக்கூடாது எண்டு சிவப்பு நிறத்தில போட்டு வச்சன். அம்மா பார்த்திட்டு, "முருகனிட்டப் போறதுக்கு இவ்வளவு கணக்கா மகன்?" எண்டா. திட்டம் போடுறது பிழை எண்டு நான் இப்பவும் சொல்லமாட்டன். திட்டமில்லாம வந்து பாதியில மயங்கி விழுந்தா, மற்றச் சாமிமார்தான் தூக்கிச் சுமக்கணும்.

முதல் ரெண்டு நாளும் கணக்கு அப்படியே ஓடிச்சு. மூணாம் நாள், நாவலடி தாண்டி வியாழைக்குப் போற வழி. நிழலே இல்லாத முள்ளுப் பற்றை, சுடுமணல். எங்கட கூட்டம் முன்னுக்குப் போயிட்டுது. கால் கொப்புளத்தோட நான் பின்னுக்கு. வழியோரம் ஒரு வயசானவர், காவி வேட்டி, கையில ஒரு தடி, குந்திக்கொண்டு இருந்தார்.

"சாமி, கொஞ்சம் தண்ணி இருக்கா?"

"இல்ல சாமி, முடிஞ்சுது" எண்டன்.

யோசிச்சுச் சொன்ன பொய் இல்ல. வாய் தானா சொல்லிட்டுது. பையில அந்தச் சிவப்பு நிற ஒன்றரை லீற்றர் தளும்புற சத்தம் எனக்கே கேட்டுது. அவருக்கும் கேட்டிருக்கும். "சரி சாமி, பார்த்துப் போங்க, அரோகரா" எண்டார். நான் நடந்திட்டன்.

ஒரு அரை மணித்தியாலம் போயிருக்கும். அப்பதான் வள்ளி கதை மண்டையில இடிச்சுது. சின்ன வயசில அறநெறி வகுப்பில மைக் பிடிச்சு நானே சொல்லிப் பரிசு வாங்கின கதை. வேடனா வந்து, வேங்கை மரமா நிண்டு, கடைசியில கிழவனா வந்து முருகன் தினைமா கேட்கிறார். விக்கல் எடுக்குது எண்டு தண்ணியும் கேட்கிறார். அதை நாங்க எப்பவும் முருகன்ட பக்கம் இருந்துதான் சொல்லுவம், அவர்ட விளையாட்டு எண்டு சிரிச்சுச் சிரிச்சு. வள்ளி பக்கம் இருந்து ஒருக்காப் பாருங்க. அவளுக்கு அது முருகன் எண்டு தெரியாது. தினைப்புனத்தில தனிய நிக்கிற பிள்ளைட்ட, யாரெண்டே தெரியாத ஒரு கிழவன் வந்து கேட்கிறார். தன்ட மாவைக் குடுக்கிறாள், சுனைக்குக் கூட்டிக்கொண்டு போறாள். யானை வந்ததும், கல்யாணம் நடந்ததும் எல்லாம் அதுக்குப் பிறகு. தண்ணி குடுக்கிற நேரம் அவளுக்கு ஒரு வரமும் தெரியாது.

திரும்பி நடந்தன். அந்த இடத்தில ஆள் இல்ல.

இந்தக் கதையைக் கேட்டவங்க எல்லாரும் "அண்ணா, அது முருகனேதான்" எண்டு மெய்சிலிர்க்கிறாங்க. எனக்கு அப்படிச் சொல்ல விருப்பமில்ல. அது முருகன் எண்டு சொன்னா, என்ட பிழை ஒரு திருவிளையாடலா மாறி நான் தப்பிச்சிடுவன். அவர் தாகமெடுத்த ஒரு வயசான மனுசர். பின்னால வந்த கூட்டம் யாராவது தண்ணி குடுத்துக் கூட்டிக்கொண்டு போயிருப்பாங்க எண்டுதான் கும்பிட்டன்.

பின்னேரம் வியாழையில பையைத் திறந்தா, அந்தப் போத்தல் மூடி உடைக்காம அப்படியே இருந்துது. ஆற்று மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணி எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, நான் கேட்காமலே என்ட கோப்பையை வாங்கி நிரப்பித் தந்தா. அதைக் குடிக்க எனக்குத் தொண்டை அடைச்சுது.

வள்ளியம்மன் ஆற்றில, கட்டகாமத்தில, கதிர்காமத்தில மாணிக்க கங்கைக் கரையில எல்லாம் அந்த முகத்தைத் தேடினன். கிடைக்கல்ல. சந்நிதியில போய் நிண்டா அங்கயும் முகம் இல்ல, தெரியும்தானே, கதிர்காமத்தில திரைக்குத்தான் பூசை. மயில்ல முருகன், ரெண்டு பக்கமும் தேவிமார் தீட்டின திரை. அதைப் பார்த்துத்தான் சொன்னன், "தண்ணி இருந்துது முருகா" எண்டு. இரவு பெரஹரா வந்துது. யானை மேல பெட்டி ஏறி வள்ளியம்மன் கோயிலுக்குப் போகுது. திருவிழா முழுக்க ஒவ்வொரு இரவும் அவர் அவளிட்டத்தான் போறார்.

சரி, கேட்ட கேள்விக்கு வாறன். பழகின செருப்பு, தொப்பி, ஜீவனி பக்கெற், கொப்புளத்துக்குப் பிளாஸ்ரர், ஒரு போர்வை, கொஞ்சம் அவல். பொலித்தீன் வேண்டாம், அது மிருகங்கள்ட வீடு. இருட்டினாப் பிறகு நடக்காதீங்க, ஆற்றில முதலை இருக்கு, ஆட்கள் குளிக்கிற இடத்தில மட்டும் இறங்குங்க. தண்ணி, உங்கட கணக்குக்கு மேல ஒரு போத்தல்.

என்ட ஷீற்றில அந்தச் சிவப்பு வரி இன்னும் இருக்கு. பெயரை மட்டும் மாத்தி "கேட்கிறவருக்கு" எண்டு போட்டிருக்கன். பை இப்ப எட்டரைக் கிலோ. இந்த வருஷமும் போறன், வாறவங்க உகந்தை வாசலில சந்திப்பம்.

அரோகரா!