வடிவும் வாய்மையும்

முகஸ்துதி என்னும் சொல் தமிழில் இழிபொருளிலேயே பெரிதும் வழங்குகின்றது. ஒருவரை முகத்துக்கு நேரே புகழ்ந்துவிட்டு, அப்புகழ்ச்சியால் விளையும் பயனை எதிர்நோக்கி நிற்பவனையே அச்சொல் நினைவூட்டும். நாவினாலன்றிக் கூந்தலினாற் செய்யப்படும் முகஸ்துதி ஒன்றும் உண்டு. வட்டமான முகமுடைய பெண்ணொருத்தி சிகையலங்கார நிலையத்தின் கண்ணாடி முன் அமர்ந்ததும் அவளுக்கு வழங்கப்படும் அறிவுரைகள் அவ்வகையினவே. உச்சியிற் கூந்தலைச் சற்று உயர்த்துதல் வேண்டும். காதோரங்களிற் படிய வாருதல் வேண்டும். நெற்றியின் குறுக்கே நேர்கோடாக வெட்டிய முன்மயிரைத் தவிர்த்துச் சாய்வாக ஒரு பக்கம் விடுதல் வேண்டும். வெட்டுவதாயின் நாடிக்குக் கீழே இறங்கும்படி வெட்டுதல் வேண்டும், கன்னமட்டத்தில் நிறுத்தலாகாது. இவை யாவற்றின் நோக்கமும் ஒன்றே. நீளமும் அகலமும் ஏறக்குறைய ஒத்திருக்கும் முகத்தை நீண்டதாகத் தோன்றச் செய்தலே அது.

இவ்வறிவுரை பயனற்றதெனக் கூறமுடியாது. மனிதக் கண் எவ்வடிவத்தையும் தனித்து அளப்பதில்லை. அயலிலுள்ள கோடுகளோடு சேர்த்தே அளக்கின்றது. உச்சியிற் கூட்டப்பட்ட உயரத்தை அது முகத்தின் கணக்கிலேயே வரவு வைத்துக்கொள்ளும். கன்னத்தின் ஓரத்தில் வீழும் மயிர் அகலத்தில் ஒரு பகுதியை மறைத்துவிட, எஞ்சித் தெரிவதையே முழு முகமாக அது ஏற்றுக்கொள்ளும். ஆகவே மாற்றம் முகத்தில் நிகழவில்லை. காண்பவரின் தீர்ப்பிலேயே நிகழ்கின்றது. இங்கேதான் அறவியல் வினா எழுகின்றது. இல்லாத நீளத்தை உள்ளதுபோற் காட்டுதல் பொய்யாகுமா? அற்ப விடயத்துக்கு இத்துணைப் பெரிய வினாவா எனச் சிலர் நகைக்கலாம். எனினும் நீதி, சுதந்திரம் என்பன பற்றி ஆயுளில் ஒருமுறையேனும் முடிவெடுக்காத மனிதரும், நாள்தோறும் காலையிற் கண்ணாடி முன் இவ்வினாவுக்கு ஏதோ ஒரு விடையளித்துவிட்டே வெளியேறுகின்றனர்.

பிளேட்டோவின் 'கோர்கியாஸ்' என்னும் உரையாடலில் சோக்கிரட்டீஸ் இதற்குக் கடுமையான விடையொன்றைத் தருகின்றார். உடலுக்கு மெய்யான நலம் தருவன உடற்பயிற்சியும் மருத்துவமும் ஆகும். அவற்றின் போலிகள் ஒப்பனையும் சமையற்கலையும். மருத்துவத்தின் வேடத்தைச் சமையல் தரிப்பதுபோல, உடற்பயிற்சியின் வேடத்தை ஒப்பனை தரிக்கின்றது. வடிவாலும் நிறத்தாலும் உடையாலும் அது மனிதரை ஏமாற்றி, பயிற்சியால் வரும் தம் சொந்த அழகைக் கைவிட்டு இரவல் அழகை நாடச் செய்கின்றது. இவற்றையெல்லாம் முகஸ்துதி என்னும் ஒரே தலைப்பின் கீழ் அவர் அடக்குகின்றார். சொல்லாட்சிக் கலையும் அவ்வரிசையிலேயே வைக்கப்படுகின்றது. (இவ்வாறு கண்டிக்கும் நூலே சொல்லழகு மிக்கதாக அமைந்திருப்பது வேறு கதை.)

சோக்கிரட்டீசின் மற்றொரு மாணவராகிய சேனோபன், இல்ல நிருவாகம் பற்றிய தம் நூலில் இதே குற்றச்சாட்டை வீட்டுக்குள் கொண்டுவருகின்றார். அந்நூலில் வரும் இஸ்கோமாக்கஸ் என்னும் கணவன், முகத்தில் வெள்ளை ஈயச் சுண்ணத்தையும் செந்நிறத்தையும் பூசி, உயர்ந்த அடியுடைய பாதணியும் அணிந்து வந்த தன் இளம் மனைவியைக் கண்டிக்கின்றான். அயலாரை இவ்வாறு ஏமாற்றலாம். கூடி வாழ்வோரை ஏமாற்ற முடியாது. துயிலெழும் வேளையிலோ, வியர்வையிலோ, கண்ணீரிலோ, நீராடும்போதோ உண்மை வெளிப்பட்டுவிடும் என்பது அவன் வாதம். மனைவி அதனை ஏற்றுக்கொண்டதாக அவனே கூறுகின்றான். அவளுடைய கூற்று அவன் வாய்மூலமாகவே நமக்குக் கிடைக்கின்றது என்பது மறக்கற்பாலதன்று.

வட்டமுகத்தைப் பொறுத்தவரையில் இவ்வாதம் ஓரிடத்தில் இடறுகின்றது. போலி என ஒன்றைச் சொல்வதற்கு அதன் அசல் எங்கேனும் இருத்தல் வேண்டும். நோயாளியின் வெளிறிய கன்னத்தில் பூசப்படும் சிவப்பு, ஆரோக்கியத்தின் போலி எனலாம். ஆனால் எலும்பமைப்பால் வட்டமாயமைந்த முகத்தை எவ்வுடற்பயிற்சியும் நீட்டப்போவதில்லை. அவ்வட்டத்தில் ஆரோக்கியக் குறைவு எதுவும் இல்லை. கூந்தல் எந்த நலத்தின் வேடத்தைத் தரிக்கின்றது? பிளேட்டோவின் 'திமேயஸ்' உரையாடலோ அகிலம் கோளவடிவிற் படைக்கப்பட்டது, அதுவே நிறைவான வடிவம், அதனைப் பின்பற்றியே மனிதத் தலையும் உருண்டையாக ஆக்கப்பட்டது என்கின்றது. அந்நூலின்படி நோக்கின் வட்டமுகத்தாளே அகிலத்துக்கு ஒருபடி அண்மையில் நிற்கின்றாள்!

ஏமாற்றுதல் என்ற குற்றச்சாட்டும் நெடுந்தூரம் செல்லாது. கொலைஞனிடமிருந்து நண்பனைக் காப்பதற்கேனும் பொய்யுரைத்தல் தகாது என 1797 இல் எழுதியவர் கான்ற். மறு ஆண்டில் வெளிவந்த மானிடவியல் நூலில் அவரே, சமூகப் பழக்கத்திலுள்ள இன்முகமும் உபசாரமும் எவரையும் வஞ்சிப்பதில்லை, அவற்றின் இயல்பை யாவரும் அறிவர் என விட்டுக்கொடுக்கின்றார். வாரிய கூந்தலும் அத்தகையதே. அது எக்கூற்றையும் கூறுவதில்லை. கூந்தல் வாரப்பட்டது என்பதை அறியாது எவரும் அதனை நோக்குவதுமில்லை. பிறர்க்குத் தீங்கு விளைவிக்காமையை வாய்மையின் இலக்கணமாக வகுத்த வள்ளுவர் வழியில் நோக்கினும் உச்சிமயிரை ஈரங்குலம் உயர்த்தியவள் மீது வழக்கில்லை.

ஆயினும் வழக்கு முடிந்துவிடவில்லை, எதிரிதான் மாறவேண்டும். சிகையலங்கார அறிவுரையை அளவையியல் முறைப்படி அமைத்துப் பார்த்தால், சொல்லப்படாத எடுகூற்று ஒன்று அதில் மறைந்திருப்பது புலப்படும். முகம் நீள்வட்டமாய் இருத்தல் வேண்டும் என்பதே அது. இதனை நிறுவியவர் யார்?

ஐரோப்பியரிடையே இதற்கு வெளிப்படையான நியாயம் கூற முயன்றவர்களுள் ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் ஒருவர். 1753 இல் வெளியான 'அழகின் பகுப்பாய்வு' என்னும் நூலில், சதுரத்தினும் முக்கோணம் சிறந்தாற்போல வட்டத்தினும் நீள்வட்டம் சிறந்தது என்றும், ஒரு முனை ஒடுங்கிய முட்டை வடிவம் வேறுபாடு மிக்கதாதலின் அழகிய முகத்துக்கு எல்லையாக இறைவனே அதனைத் தெரிந்தெடுத்தான் என்றும் அவர் எழுதினார். வேறுபாடு கண்ணுக்கு இன்பம் தருமென்பது ஏற்கத்தக்கதே. அதிலிருந்து இறைவனின் தெரிவுக்குத் தாவியதே பிழை. சுவையான செய்தி ஒன்றும் அந்நூலில் உண்டு. நெற்றிப்பொட்டின் குறுக்கே வீழும் ஒரு கற்றை மயிர் அந்த நீள்வட்டத்தின் ஒழுங்கைக் குலைத்து, நாகரிகத்தின் எல்லையை மீறும் அளவுக்குக் கவர்ச்சியூட்டுவதாக அவரே ஒப்புக்கொள்கின்றார். விதியை வகுத்தவரின் கண்ணே விதி மீறப்படும் இடத்திற்கு ஓடியிருக்கின்றது.

கான்ற் இவ்விடயத்திற் கூடிய எச்சரிக்கை உடையவர். 1790 இல் வெளியான அழகுணர் தீர்ப்புப் பற்றிய ஆய்விலே, கண்ட பல நூறு உருவங்களை மனம் ஒன்றன்மேலொன்றாக வைத்துச் சராசரி உருவமொன்றை வரைந்துகொள்கின்றது என்றும், ஆகவே சீனரின் அளவும் ஐரோப்பியரின் அளவும் வேறாதல் இயல்பென்றும் அவர் கூறினார். வரலாறு இதனை மறுக்கவில்லை. 8 ஆம் நூற்றாண்டில், தாங் அரசர் காலச் சீனத்தின் கல்லறைகளில் வைக்கப்பட்ட பெண்பாவைகள் பருத்த கன்னங்களும் வட்ட முகமும் உடையன. அவற்றின் கூந்தலோ கன்னத்தின் இருமருங்கும் புடைத்து நின்று அவ்வட்டத்தை மேலும் பெருக்கிக் காட்டுகின்றது. இன்றைய கண்ணாடி முன் விலக்கப்படுவது அன்று வேண்டி விரும்பிச் செய்யப்பட்டது. 12 ஆம் நூற்றாண்டு யப்பானிய கெஞ்சிக் கதைச் சுருளோவியங்களிலும் உயர்குலப் பெண்டிர் உப்பிய கன்னத்தினராகவே தீட்டப்பட்டனர். தமிழ் மரபில் முகத்துக்கு மதி உவமையாதலைச் சொல்லவேண்டியதில்லை. அவ்வுவமையில் ஒளியே முதன்மை பெறுகின்றது என்பது உண்மை. எனினும் குறளின் நலம்புனைந்துரைத்தல் அதிகாரத்தில் நிறைமதியைத் தலைவியின் முகத்தோடு ஒப்பிடும் தலைவன் அதில் குறையாகக் காண்பது களங்கத்தை மாத்திரமே; வட்டத்தையன்று.

ஈழத் தமிழ் வழக்கு இவ்விடத்தில் உற்றுநோக்கத்தக்கது. இங்கு வடிவு என்றால் உருவமும் அழகும் ஆகும். 'அவள் வடிவு' என்ற கூற்றில் இன்ன உருவம் என்ற நிபந்தனை எதுவுமில்லை. ஒப்பனை என்ற சொல்லோ ஒப்பு என்பதன் அடியாகப் பிறந்தது. எதனோடு ஒப்பு என்ற வினாவைத் தன்னுள்ளேயே வைத்திருப்பது. வடிவு குன்றாத முகத்துக்கு ஒப்பனை தேவை என்று கூறப்படும்போது, வேறெவருடையதோ ஒரு முகம் அளவுகோலாக அருகில் நிறுத்தப்பட்டுவிடுகின்றது. எனவே கூந்தல் முகத்தைத் துதிக்கின்றது என்பது மேலோட்டமான பார்வை. துதிக்கப்படுவது அந்த அளவுகோலே.

இதிலிருந்து அலங்காரத்தையே துறக்கவேண்டும் என்ற முடிவுக்குச் சிலர் விரைகின்றனர். பெண்ணைப் பிறர் பார்வைக்குரிய பொருளாக்குவதில் அலங்காரத்துக்குள்ள பங்கை சிமோன் டி பொவ்வா 1949 இல் விரிவாக எடுத்துக்காட்டியது மெய்யே. ஆயின் 1960களில் இலண்டனிற் புகழ்பெற்ற விடால் சசூன் போன்றோர் எலும்பமைப்பை நோக்கி மயிரை வெட்டியபோது, வாரந்தோறும் சுருட்டியும் பசையிட்டும் வந்த பெண்கள் அச்சுமையிலிருந்து விடுபட்டனர் என்பதும் மெய். ஒரே கத்தரிக்கோல் இருவகையிலும் பயன்படும். மலையகத்திற் கொழுந்து பறிக்கும் பெண்ணின் உச்சியில் மடித்த துணியும் அதன்மேற் கூடையின் கயிறும் அழுத்தும்போது இவ்வினாவே எழுவதில்லை என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். ஓய்வுடையோரின் அறவியல் இது.

பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்த மாணவியொருத்தியை எண்ணிப் பார்க்கலாம். பாடசாலைக் காலம் முழுவதும் நடுவகிடெடுத்து இரட்டைப் பின்னலிட்டவள். தன் முகம் வட்டமென்பதை ஒரு செய்தியாக அறிந்திராதவள். விடுதியில் அறைத்தோழி அவளுடைய உச்சிமயிரை உயர்த்திவிட்டு, 'இப்ப முகம் உருண்டையாத் தெரியேல்லை' என்கின்றாள். கூறியது உண்மை, கூறியதும் அன்பினாலேயே. ஆனால் அதுவரை இல்லாதிருந்த குறையொன்று அவ்வுண்மை வழியே அம்முகத்திற் குடியேறிவிட்டது. பொய்யை வாயாற் சொல்லாமலே பொய்யான எடுகூற்றொன்றை மற்றவர் மனத்தில் நாட்டிவிட முடியும் என்பதை அறவியல் நூல்கள் போதிய அளவு ஆராயவில்லை.

அன்று மாலை அவள் தலைமுழுகி, ஈரக் கூந்தலைத் துவாயாற் சுற்றிக்கொண்டு குளியலறையிலிருந்து வெளிவருவாள். முகம் முழுவட்டமாகவே இருக்கும். வஞ்சகம் வெளிப்படும் நேரமென இஸ்கோமாக்கஸ் சொன்ன நேரம் அதுவே. தாழ்வாரத்தில் யாரேனும் எதிர்ப்படத் துவாயின் ஓரத்தை இழுத்து அவள் கன்னத்தை மறைப்பாளாயின், அதனை அவளுக்குக் கற்பித்தவர் யார் என விசாரிக்கவேண்டும். மறைக்காது நின்று கதைத்துவிட்டு, மறுநாட் காலையில் உச்சிமயிரைத் தனக்குப் பிடித்தவாறு உயர்த்தி வாரிக்கொண்டு விரிவுரைக்குப் புறப்படுவாளாயின், சோக்கிரட்டீசுக்கு அங்கே வேலையில்லை.