ஆள்காட்டி கத்தினால் நகருங்கள்

பங்குனி பிறந்துவிட்டது. இனி ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் லென்ஸ் பையும் முக்காலியுமாகப் பைக்குகள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டை நோக்கி வரத் தொடங்கும். வாருங்கள். வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை; நானும் அப்படி வந்தவன்தான். ஆனால் வண்டியை விட்டு இறங்கும் முன் ஒன்றைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

சில வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதம். முந்திரித் தோப்பை ஒட்டிய செம்மண் பொட்டலில் சிவப்புமூக்கு ஆள்காட்டியின் கூட்டைப் பார்த்தேன். கூடு என்ன கூடு, சுற்றிலும் பொடிக்கல் பரப்பிய சின்னக் குழி. அதில் மண் நிறத்தில் நாலு முட்டை. மணி பதினொன்று. முப்பதடி தள்ளிக் குப்புறப் படுத்துக்கொண்டேன். பறவை தலைக்கு மேல் சுற்றிச்சுற்றிக் கத்தியது. ‘நல்ல ஆக்ஷன்’ என்று மகிழ்ந்து அழுத்திக்கொண்டே இருந்தேன். நடுவில் எங்கோ போய்த் திரும்பியது. வயிற்று இறகெல்லாம் ஈரம். வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்க ஆள்காட்டி குட்டையில் வயிற்றை நனைத்துவந்து முட்டைமேல் உட்காரும். அது அன்று எனக்குத் தெரியாது. என்னைத் தாண்டி வர அஞ்சி, அங்குமிங்கும் நடந்தது. ஈரம் காய்ந்தது. மறுபடி பறந்தது. நாற்பது நிமிடம் இப்படியே.

மூன்று வாரம் கழித்துப் போனேன். நாலு முட்டையும் அப்படியே கிடந்தன, ஒன்றில் எறும்பு மொய்த்திருந்தது. நாயோ கீரியோ வந்திருந்தால் மிச்சம் வைத்திருக்காது. படம் என்னவோ பிரமாதமாக வந்திருந்தது. அதைப் பாராட்டாதவர்கள் இல்லை.

அதனால்தான் கேட்கிறேன்: ஆள்காட்டி உங்களைப் பார்த்துக் கத்தினால் எழுந்து நகர்ந்துவிடுங்கள். ‘இன்னும் ரெண்டே ஷாட்’ வேண்டாம். கூட்டை மறைக்கும் கிளையை ஒடிக்காதீர்கள். உங்களுக்கு இடைஞ்சலான அந்த இலைதான் குஞ்சுக்கு நிழல், காக்கையின் கண்ணுக்குத் திரை.

செம்மண் ஓடைக் கரையில் பச்சைப் பஞ்சுருட்டான் வளை தோண்டும் பருவமும் இதுதான். வாயில் தட்டானோடு கம்பியில் உட்கார்ந்து நம்மையே பார்க்கும். போஸ் கொடுக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். மிலிந்த் வாட்வே குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வு வேறு சொல்கிறது: வளை நம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நாம் நின்றால் அது உள்ளே போகத் தயங்குகிறது, வளை தெரியாத இடத்துக்கு நகர்ந்துவிட்டால் போய்விடுகிறது. நாம் எதைப் பார்க்கிறோம் என்று கணக்குப் போடத் தெரிந்த குருவி அது! அது காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே குஞ்சு பட்டினி.

காலாப்பட்டுப் பல்கலைக்கழக வளாகத்தின் 780 ஏக்கரில் புதர் அடர்ந்த மூலைகளில் ஆறுமணிக்குருவி இப்போது வடக்கே கிளம்பத் தயாராகும். நெடுந்தூரம் பறக்க உடம்பில் கொழுப்பு சேர்க்கிற நேரத்தில் போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டு இழுக்காதீர்கள். போட்டிக்கு ஆள் வந்துவிட்டதென்று இரையை விட்டுவிட்டு அது ஓடிவரும். அந்தி ஆறு மணிக்கு அதுவாகவே கூப்பிடும், காத்திருங்கள்.

கடற்கரைக்கும் இதுவே. பங்குனி ஆமை கரையேறும் இரவில் ஃபிளாஷும் டார்ச்சும் எதற்கு? ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் பொரிந்து வரும் குஞ்சுகள் வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று நம்பி ஓடும். உங்கள் டார்ச் தெருப்பக்கம் இருந்தால் தெருவுக்கு வரும்.

‘அந்தக் காலத்தில் பெரியவர்கள் கூட்டைப் படமெடுக்கவில்லையா?’ என்று ஒரு தம்பி கேட்டார். எடுத்தார்கள். சாலிம் அலியோடு சுற்றிய லோக் வான் தோ மறைவிடம் கட்டி உள்ளே உட்கார்ந்து எடுத்தவர்தான். அன்று ஒரு கூட்டுக்கு ஒருவர். இன்று காலையில் வாட்ஸ்அப்பில் லொகேஷன் போட்டால் மதியத்துக்குள் இருபது லென்ஸ் நிற்கிறது. பாதுகாக்கப்பட்ட பறவையின் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதை 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. கையில் துப்பாக்கி இல்லையே என்று தப்பித்துக்கொள்ள முடியாது.

எடுக்க வேறு எதுவும் இல்லையா என்ன? முந்திரிப் பூவில் தேன்சிட்டு இருக்கிறது. மரக்காணம் பக்கம் போனால், 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த கழுவெளியில் ஊருக்குத் திரும்பும் வலசைப் பறவைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். கரையில் நின்று எட்டியவரை எடுங்கள்.

இந்த வருடமும் ஓர் ஆள்காட்டி ஜோடி இங்கே பொட்டலில் குழி பறித்திருக்கிறது. நேற்று சாலையிலிருந்தே பார்த்தேன். எந்தப் பொட்டல் என்று மட்டும் கேட்காதீர்கள்.