புதன்கிழமை வெயிலை நம்பலாமா?

குளிருக்கு மனிதன் பழகிவிடுகிறான். வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகருக்கு வந்த புதிதில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இப்போது மைனஸ் இருபதில் குப்பைத் தொட்டியைத் தெருமுனைக்கு உருட்டிக்கொண்டு போகிறேன், அது ஒரு செய்தியாகவே படுவதில்லை. பழக முடியாதது வேறு ஒன்று. குளிர் நடுவில் ஒரு நாள் விட்டுக்கொடுத்துவிட்டு மறுநாள் திரும்பி வருவதுதான் அது.

ஜனவரி நடுவில் அப்படி ஒரு வாரம் வந்தது. திங்கட்கிழமை காலை மைனஸ் 28. எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் ஒவ்வொரு வண்டியின் முகப்பிலிருந்தும் ஒரு ஒயர் தொங்கிக் கம்பத்துப் பிளக்கில் போய் முடியும். எஞ்சினை ராத்திரி முழுக்கச் சூடாக வைக்கும் ஹீட்டர் அது. புதிதாக வருகிறவர்கள் எல்லாமே மின்சாரக் கார் என்று நினைத்துக்கொள்வார்கள். மிதித்தால் பனி கறுமுறுவென்று சத்தம் போடும். மூச்சை இழுத்தால் மூக்கு முடி விறைக்கும். செவ்வாய் மதியம் காற்று தென்மேற்குக்குத் திரும்பியது. புதன்கிழமை பிளஸ் 4. கூரை விளிம்பில் தொங்கிய பனி ஈட்டிகள் சொட்டச் சொட்ட ஊரே வெளியே வந்துவிட்டது. அரைக்கை சட்டையோடு நாயை நடத்திப் போகிறவர்கள், கார் கழுவும் இடத்தில் நீண்ட வரிசை, கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடும் பிள்ளைகள். வியாழக்கிழமை தூறல், விழும்போது தண்ணீர், தரையில் பட்டதும் கண்ணாடி. வெள்ளிக்கிழமை கனடா பக்கமிருந்து, இங்கே 'ஆல்பர்ட்டா கிளிப்பர்' என்று சொல்லும் வேகமான புயல் ஒன்று இறங்கியது. விழுந்தது இரண்டு விரற்கடைப் பனிதான். ஆனால் அந்தப் புதுப் பொடியைக் காற்று வாரி வாரி இறைத்ததில் எதிர்வீடு தெரியவில்லை. மேற்கே போகும் 94ஆம் எண் நெடுஞ்சாலையின் நுழைவாயில்களை இழுத்து மூடிவிட்டார்கள். சனிக்கிழமை மறுபடி மைனஸ் 27, துடைத்து வைத்ததுபோல் நீல வானம், சூரியனுக்கு இடமும் வலமும் பனிப் படிகங்கள் காட்டுகிற இரண்டு போலிச் சூரியன்கள்.

இந்த நாடகத்துக்கெல்லாம் காரணம் மலைகள் நிற்கும் திசை. நமக்கு இமயமலை கிழக்கு மேற்காகப் படுத்திருப்பதால் வடதுருவக் குளிர் தாண்டி வருவதில்லை. இங்கே ராக்கி மலைத்தொடர் வடக்கு தெற்காக நீள்கிறது. பசிபிக் பக்கக் காற்றைத்தான் அது தடுக்கும், ஆர்க்டிக் காற்றுக்குத் தாராளமாக வழிவிடும். 'எங்களுக்கும் வடதுருவத்துக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான் இருக்கிறது' என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் பழைய நகைச்சுவை. அந்தப் பசிபிக் காற்றும் சில நாள் மலையேறிக் குதித்துவிடும். ஏறும்போது ஈரத்தை மழையாகவும் பனியாகவும் உதிர்த்துவிட்டு, மறுபக்கம் வறண்டு இறங்கும்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய பத்து டிகிரி சூடேறுகிறது. மலையடிவாரத்தில் இதற்குச் 'சினூக்' என்று பெயர். பனியைத் தின்னும் காற்று என்றும் சொல்வார்கள்.

தெற்கு டகோட்டாவில் பிளாக் ஹில்ஸ் மலையோரம் ஸ்பியர்ஃபிஷ் என்ற சிற்றூர். 1943 ஜனவரி 22 காலை ஏழரை மணிக்கு அங்கே மைனஸ் 20. இரண்டே நிமிடத்தில் பிளஸ் 7. ஒன்பது மணிக்கு 12 டிகிரி வரைக்கும் போய், அடுத்த 27 நிமிடத்தில் திரும்ப மைனஸ் 20க்கே இறங்கிவிட்டது. ஜன்னல் கண்ணாடிகள் விரிசல் விட்டன. மொன்டானாவின் பிரவுனிங்கில் 1916 ஜனவரியில் ஒரே நாளுக்குள் பிளஸ் 7 மைனஸ் 49 ஆனது; அதே மாநிலத்தின் லோமாவில் 1972 ஜனவரியில் ஒரே நாளுக்குள் மைனஸ் 48 பிளஸ் 9 ஆனது. மலையிலிருந்து எங்கள் ஊர் வெகுதூரம் என்பதால் நிமிடக் கணக்கு வேடிக்கை எல்லாம் இங்கே கிடையாது. ஒரு ராத்திரி எடுத்துக்கொள்ளும். நாசூக்கான ஊர்.

இந்தச் சமவெளியில் ஆட்களைக் கொன்றது பெரும்பாலும் குளிர்கூட இல்லை, குளிருக்கு முந்தைய இளக்கம்தான் என்று எனக்குத் தோன்றும். 1888 ஜனவரி 12 அதற்குச் சாட்சி. நாள்கணக்கில் வாட்டிய கடுங்குளிருக்குப் பிறகு அன்று காலை காற்று மென்மையாக இருந்தது. டகோட்டா, நெப்ராஸ்கா, மின்னசோட்டாப் பண்ணைகளிலிருந்து பிள்ளைகள் கனத்த கோட்டு இல்லாமலே பள்ளிக்கு நடந்தார்கள். பெரியவர்கள் மாடுகளை வெளியே ஓட்டினார்கள். பல இடங்களில் பள்ளி விடும் நேரமும் புயல் வந்த நேரமும் ஒன்றாகிவிட்டன. மாவுபோல் நுணுக்கமான பனி, கையை நீட்டினால் கை தெரியாத வெண்மை, மடமடவென்று சரிந்த வெப்பநிலை. இறந்தவர்கள் 235 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் பிள்ளைகள் ஏராளம். 'குழந்தைகள் பனிப்புயல்' என்றே பெயர் நின்றுவிட்டது. அன்றைக்கு வானிலை பார்ப்பது ராணுவத்தின் வேலை. குளிர் அலை வரும் என்று செயின்ட் பாலில் இருந்து தந்தியும் போனது. தந்தி நிலையமே இல்லாத புல்வெளியில் மண்வீட்டுக்குள் இருந்தவருக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

பின்னால் வந்தவர்களுக்கு அந்தப் பெற்றோரைக் குறை சொல்வது சுலபம். என்னால் முடியவில்லை. வாரக்கணக்கில் அடைந்து கிடந்த பிள்ளை கதவைத் திறந்ததும் ஓடத்தான் செய்யும். அதைப் பிடித்து வைத்து, வெயிலே வந்தாலும் சந்தேகப்படு என்று சொல்லிக்கொடுக்கும் தாயை நான் பார்த்திருக்கிறேன். என் அம்மாவே அப்படித்தான். வீட்டில் கொஞ்சம் உரக்கச் சிரித்தால் போதும், "போதும்டா, ரொம்பச் சிரிச்சா அப்புறம் அழணும்" என்பாள். நல்ல மதிப்பெண் வந்தால் அக்கம்பக்கத்தில் சொல்லக் கூடாது. புது வண்டி வந்த அன்றைக்கே எலுமிச்சம்பழம் நசுங்கியாக வேண்டும். நல்ல நாள் என்பது எங்கள் வீட்டில் வட்டிக்கு வாங்கிய பணம், கொடுத்தவன் வாசலில் வந்து நிற்பான் என்ற நினைப்போடுதான் செலவாகும்.

செடியும் மாடும் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்த்தால் அங்கேயும் ஆறுதல் இல்லை. எங்கள் கீழ்வீட்டுப் பெரியவர் தெற்கு டகோட்டாவில் குளிர்காலக் கோதுமை விதைத்தவர். செப்டம்பரில் விதைத்து, முளைத்து, பனிக்கு அடியில் தூங்கி, வசந்தத்தில் எழுந்து கதிர் விடும் ரகம். இலையுதிர் காலத்தில் குளிர் படிப்படியாக ஏறும்போது பயிர் தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும். மண்ணுக்குள் ஒரு அங்குல ஆழத்தில் இருக்கும் அதன் குருத்துக் கணு உயிரோடு இருந்தால் போதும். மேலே பனிப்போர்வை கிடந்தால் கடுங்குளிரும் ஒன்றும் செய்யாது. வில்லங்கம் ஜனவரி வெயிலில். போர்வையும் உருகும், பயிரின் இறுக்கமும் தளரும். அடுத்த குளிர் அலை வரும்போது அது பழைய உறுதிக்கு முழுசாகத் திரும்பியிருக்காது. "மைனஸ் முப்பதுக்கு நான் பயந்ததில்லை, பிளஸ் ஐந்துக்குத்தான் பயந்தேன்" என்பார். மாட்டுக்கும் அதே கதைதான். 2013 அக்டோபர் முதல் வாரத்தில் தெற்கு டகோட்டாவின் மேற்கில் மழையாகத் தொடங்கிப் பனிப்புயலாக மாறியதில் ஆயிரக்கணக்கான மாடுகள் செத்து விழுந்தன. ஜனவரியில் அதைவிடக் கடுமையான குளிரில் நின்று அசைபோடும் மாடுகள்தான் அவை. அக்டோபரில் குளிர்கால ரோமம் வளர்ந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

இத்தனையும் தெரிந்த அந்தப் பெரியவர் அந்தப் புதன்கிழமை என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, வெளியே மடக்கு நாற்காலி போட்டு, கண்ணை மூடி வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

"நாளைக்கு மறுநாள் புயலாமே, கவலையா இல்லையா?" என்றேன்.

"அது டிக்கியில இருக்கு" என்றார்.

திறந்து காட்டினார். ஒரு கம்பளி, தூங்கும் பை, குட்டை மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில் தூவ ஒரு மூட்டை மணல், ஆண்டெனாவில் கட்டச் சிவப்புத் துணி. ஓரத்தில் காலி காபி டப்பா ஒன்று. அதற்குள் தடித்த மெழுகுவர்த்தி, பிளாஸ்டிக் பையில் சுற்றிய தீப்பெட்டி, ஒரு தகரக் குவளை. மூடிய வண்டிக்குள் ஒரு மெழுகுவர்த்திச் சூடே உயிரைப் பிடித்து வைக்கும். குவளையில் பனியை உருக்கிக் குடிக்கலாம். கூடவே பாடமும் எடுத்தார்: சிக்கிக்கொண்டால் வண்டியை விட்டு இறங்கி நடக்காதே. மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட விடு. அதற்கு முன் புகைக்குழாய் வாயில் பனி அடைத்திருக்கிறதா என்று பார், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை, இல்லாவிட்டால் விஷவாயு. அக்டோபரில் அடுக்கி வைத்தால் ஏப்ரலில்தான் வெளியே எடுப்பாராம். நடுவில் அதைப் பற்றி நினைப்பதே இல்லையாம்.

அம்மாவுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது. புயல் வரும் என்பதில் இருவருக்கும் சந்தேகமே கிடையாது. அம்மா அந்தக் கவலையை நெஞ்சில் வைத்திருந்தாள். அதனால் நல்ல நாள் எதையும் முழுசாக அனுபவித்ததில்லை. கவலை புயலைத் தடுக்கவும் இல்லை. இவர் கவலையை மண்வெட்டியாகவும் மெழுகுவர்த்தியாகவும் மாற்றி டிக்கியில் போட்டுப் பூட்டிவிட்டார். அதற்குப் பிறகு புதன்கிழமை முழுக்க அவருடையது. அம்மாவுக்கு நான் அநியாயம் செய்கிறேனோ என்றும் தோன்றுகிறது. மாதக் கடைசியில் என்ன வரும் என்று தெரியாத குடும்பத்தில் டிக்கி ஏது, அதில் போட மண்வெட்டிதான் ஏது. சேர்த்து வைக்க ஒன்றும் இல்லாதவர்களுக்குப் பயம் ஒன்றுதான் முன்னேற்பாடு. 1888இன் மண்வீட்டுத் தாய்க்கும் அதுகூட அன்று காலை கைகொடுக்கவில்லை.

எங்களைப் போல வேலைக்கு வந்தவர்களுக்கு இந்த ஊரில் இன்னொரு வானிலையும் உண்டு. எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் அறுபது நாள். அதற்குள் வேறு வேலையோ வேறு வழியோ கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். கிரீன் கார்டு வரிசையோ ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் வரும் ஒரு மின்னஞ்சலில் பிளஸ் நான்கு மைனஸ் முப்பது ஆகிவிடும். என்னோடு வேலை பார்க்கும் திருநெல்வேலித் தம்பி ஒருவர் இங்கே பல வருடமாக இருக்கிறார். வீட்டில் தரையில் மெத்தை, இரண்டு மடக்கு நாற்காலி, டி.வி. வந்த அட்டைப்பெட்டியே டி.வி.க்கு மேஜை. சுவரில் ஒரு ஆணி கிடையாது. "எப்பப் போகச் சொல்வான்னு தெரியாதுண்ணே, எதுக்குச் சேத்துக்கிட்டு" என்பார். அறைக்குள்ளேயே கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் மனிதர் அவர்.

சனிக்கிழமை சாலை திறந்ததும் அவரையும் அழைத்துக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூர்ஹெட்டில் ஒரு நண்பர் வீட்டுப் பொங்கலுக்குப் போனோம். பத்து நிமிடப் பயணத்துக்கும் காபி டப்பா என் டிக்கியில் இருந்தது. சர்க்கரைப் பொங்கல் பாத்திரத்தை அதன்மேல் முட்டுக் கொடுத்து வைத்தேன். போகும் வழியில் பெரியவரின் டிக்கியைப் பற்றிச் சொன்னேன். ஆறு மாதச் செலவுக்குத் தனியாகப் பணம், கோப்பில் அடுக்கிய சான்றிதழ்கள், ஊரில் ஒரு அறை, இதெல்லாம் இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாம் இருக்கிறதாம். அப்புறம் ஏன் சோஃபா வாங்கவில்லை என்று கேட்டேன்.

"வாங்கிட்டு, போக வேண்டி வந்தா அத என்னண்ணே பண்றது?"

"எனக்குக் குடுத்துட்டுப் போங்க."

சிரித்தார். இந்த வாரம் அலுவலகத்தில் மூன்று பேர் உட்காரும் சோஃபாவா, எல் வடிவத்திலா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். எல் வடிவம் என் வீட்டு வாசலில் நுழையாது என்று சொல்லியிருக்கிறேன்.